தலையில்லாத சோல்ஜருக்கு ஒரு சிகரெட்

பேய் என்றால் பயமில்லை என்று சொல்கிறவர்களுடைய சட்டைப் பைக்குள் இன்னும் பேயின் கை நுழையவில்லை, அவ்வளவுதான். எனக்கு நுழைந்தது. அப்பாவின் கருமாதி அன்று, கம்பார் மேட்டில், பட்டப்பகலில்.

ஜப்பான்காரன் சண்டையில் வெள்ளைக்காரப் பட்டாளம் குழி வெட்டிப் படுத்துச் சுட்ட மேடு அது. பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த அப்பா, சண்டை ஓய்ந்ததும் ஜப்பான்காரனுக்குப் பயந்து அந்தக் குழியில்தான் ஒளிந்திருந்தாராம். தலையில்லாத சோல்ஜர் ஒருவன் வந்து சிகரெட் கேட்டானாம், இவரும் கொடுத்தாராம். (ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் சோல்ஜர் ஓரடி வளர்வான்.) "தலையில்லாதவன் எதுல ஊதுனான்?" என்று அம்மா கேட்பார். அப்பா உடனே அடுத்த சிகரெட்டைப் பற்றவைப்பார்.

படையலைக் குனோங் ராபாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூரையில் வைத்தோம். ஒரு காக்காகூட எட்டிப் பார்க்கவில்லை. காக்கா எடுக்காமல் சாப்பிட மாட்டேன் என்று அம்மா உட்கார்ந்துவிட்டார். அப்பா போனதிலிருந்தே வெறும் கோப்பிதான். மத்தியானம் ஆனதும், "அவரு இங்க எங்கடா இருக்காரு? கம்பார் மேட்டுலதான் இருப்பாரு. கொண்டுபோய் வை" என்றார்.

அக்கா புருஷன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போனார். (எஸ்டேட்டில் மலைப்பாம்பு பிடித்த வீரர்.) மேட்டைப் பார்த்ததும், "மோட்டார யாராச்சும் பார்த்துக்கணும்லா. நீ போய்ட்டு வா மச்சான்" என்று கீழேயே நின்றுவிட்டார்.

குழி ஓரத்தில் இலை விரித்தேன். சோறு, ஆட்டுப் பெரட்டல், வாழைப்பழம், அவித்த முட்டை. அப்பாவின் சிகரெட் பெட்டி என் சட்டைப் பையில். கண்ணை மூடி அப்பாவைக் கூப்பிட்டேன்.

முடியுள்ள ஒரு கை பைக்குள் நுழைந்தது.

"இருக்கு, தாரேன்" என்றேன். (வெள்ளைக்காரனுக்குத் தமிழ் தெரியுமா என்று யோசிக்க நேரமில்லை.) அடுத்த நொடி குழிக்குள் கிடந்தேன். முழங்கால்வரை சேறு, காலில் மாட்டியிருந்த சிலுவாரில் பின்பக்கம் கிழிசல். மேலே பார்த்தால், ஒரு கிழட்டுக் குரங்கு. ஒரு கையில் சிகரெட் பெட்டி, இன்னொரு கையில் முட்டை. நிதானமாகத் தின்றுவிட்டு, பழத்துக்குக் கை நீட்டியது.

மொட்டை அடித்தபோதுகூட வராத அழுகை, அந்தக் குழிக்குள் வந்தது.

வீட்டு வாசலிலேயே அம்மா கேட்டார்: "காக்கா எடுத்துச்சா?"

பொய் சொல்ல நினைத்தேன். கிழிந்த சிலுவாரோடு எந்தப் பொய்யும் எடுபடாது.

"குரங்கு எடுத்துச்சும்மா. சிகரெட்டோட."



"முட்டைய மொதல்ல தின்னுச்சா?"

"ஆமா."

"அப்ப அவருதான்" என்றார். அக்காவிடம் சோறு போடச் சொன்னார். சிரித்தபடி சாப்பிட ஆரம்பித்தவர், அழுதபடி சாப்பிட்டு முடித்தார்.

இப்போதும் எங்கள் வீட்டுப் பந்தியில் யாராவது முட்டையை முதலில் எடுத்தால், "அப்பா வந்துட்டாரு" என்று எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என் முட்டை மட்டும் கடைசிவரை இலை ஓரத்திலேயே இருக்கும். (கேட்டால், பசியில்லை என்பேன்.)