ஆர்விட்டின் மார்பில் பதிவான பதினைந்து

அன்புத் தங்கை மார்டிஸுக்கு, அக்கா வெர்லா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அத்தானும் பனி தள்ளும் இயந்திரமும் நலம். இங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு, முறையிட ஒன்றுமில்லை. ஃபார்கோவில் எப்படி?

திங்களன்று, வலிப்புக்காக உன் அத்தான் ஆர்விட்டின் மார்புத் தோலுக்கடியில் வைத்திருக்கும் நரம்புத் தூண்டியைச் சோதிக்கப் போனோம். பதினான்கு மாதமாக வலிப்பே இல்லை என்ற தெம்பில் நான் ஆப்பிள் கேக் கூடச் சுட்டு எடுத்துப்போனேன். நர்ஸ் கெய்லா திரையைப் பார்த்தாள். பேட்டரி சரி, கம்பி சரி, காந்தக் கணக்கில்தான் இடி. வலிப்பு வரும்போலிருந்தால் காந்தத்தை மார்புமேல் காட்டி எடுக்க வேண்டுமல்லவா, கருவி கூடுதலாக ஒருமுறை தூண்டிவிட்டு நாளையும் மணியையும் குறித்துக்கொள்ளும். மூன்று வாரத்தில் பதினைந்து! "இத்தனை தடவை வந்திருக்கு, வாயே திறக்கலையே ஐயா?" என்றாள். "காந்தம் டிராயர்ல கிடக்கும்மா, நான் தொடவே இல்ல," என்றார் இவர். டாக்டர் ஹெக்லண்ட் வந்து, மறைத்த வலிப்பென்றால் மூன்று மாதம் வண்டி ஓட்டக் கூடாது என்றார். உன் அத்தான் தொப்பியைச் சுழற்றியபடி, "சரி, பரவாயில்ல," என்றார். நம் பக்கத்தில் அதற்கு உயிர் போகிறது என்று அர்த்தம்.

நான் விடுவேனா? மணிகளை வாசிக்கச் சொன்னேன். செவ்வாய் எட்டு பத்து, புதன் எட்டு பன்னிரண்டு... கைப்பையிலிருந்து என் ஜெபக் குறிப்பேட்டை எடுத்தேன். சர்ச் வேலைக்குக் கிளம்பும்முன் அவரைக் கட்டிக்கொண்டு ஒரு சின்ன ஜெபம் செய்வேன், மணியையும் எழுதிவைப்பேன். அதே எட்டு பத்து, அதே எட்டு பன்னிரண்டு! சர்ச் கோட்டில் மூன்று வாரம் முன்பு மாட்டிய புதுப் பெயர் அட்டைக்குப் பின்னால், துணி கிழியாதிருக்க, காந்தம் வைத்திருக்கிறார்கள். கெய்லா நான் போட்டிருந்த கோட்டிலிருந்து அதைக் கழற்றி அவர் மார்பருகே காட்டி எடுத்தாள். மறுபடி பார்த்தால் எண்ணிக்கை ஒன்று கூடிவிட்டது. "டாக்டர், இது வலிப்பு இல்ல, இவங்க கட்டிப்பிடிச்ச கணக்கு!" என்று வரவேற்பறைவரை கேட்கக் கத்தினாள். நம் அப்பா அம்மா கைகோத்துக்கூட நாம் பார்த்ததில்லை. எனக்கு முகம் வெந்துபோயிற்று. இவரோ கூரையைப் பார்த்துக்கொண்டு, "நான் சும்மா நின்னுட்டுதான் இருந்தேன்," என்கிறார்! உண்மைதான், நாற்பத்தொரு வருடமாக வேலிக்கம்பம் மாதிரிதான் நிற்கிறார். பதினைந்தும் என்னுடையவையே என்று கையெழுத்திட்டுக் கொடுத்தேன். "இனிமே அட்டையைக் கழட்டிட்டுக் கட்டிக்கோங்கம்மா," என்றார் டாக்டர். வண்டியை இவரே ஓட்டி வந்தார்.

கர்த்தர் உங்களையும் உங்கள் தண்ணீர்க் குழாய்களையும் உறையாமல் காப்பாராக.

பாசத்துடன்,
வெர்லா

பி.கு.: வீட்டில் முழுப் பட்டியலையும் ஒப்பிட்டேன். பதினான்குதான் என்னுடையவை. ஒன்பதாம் தேதி மதியம் இரண்டு நாற்பதுக்கு நான் உன் வீட்டில் உருளைக்கிழங்கு ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன்! பொய்க் கையெழுத்தா போட்டேன் என்று நேரே அவரிடம் போனேன். "வலிப்பு வந்துச்சா, மறைச்சீங்களா?" என்று கேட்டேன். காது சிவந்துவிட்டது அவருக்கு. "நீ போய் ரெண்டு நாள் ஆயிருந்துச்சு. உன் சர்ச் கோட்டு ஆணியில தொங்குச்சு." "அதுக்கு?" "அதுக்கு ஒண்ணுமில்ல." டாக்டரிடம் இதைச் சொல்லித் திருத்தியாக வேண்டும் மார்டிஸ். என் வாயால் முடியாது. அவர் ஃபோன் எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், நீயே பேசிவிடு.