ஏழு ஜோடிச் செருப்பும் அக்கா கல்யாணமும்

நல்லது செய்கிறோம் என்ற திமிர் வந்துவிட்டால் கண் தெரியாது. எனக்கு அது காலேஜ் இரண்டாம் வருஷத்தில் வந்தது. நாங்கள் ஆறு பேர் வீடு வீடாகப் போய்ப் பழைய செருப்பு சேகரிப்போம். தேய்ந்த அடியைச் சின்னதாக வெட்டி, புது வார் மாட்டி, செங்கல் சூளையில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். (என் பேச்சைக் கேட்டால், உலகத்துப் பாதங்களெல்லாம் என் பொறுப்பில் இருப்பதாகத் தோன்றும்.)

அன்று பௌர்ணமி. பத்து மணிக்கு அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததால் அம்மா மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டாள். விடிகாலையிலேயே செருப்பு சேகரிக்கப் போன நான், ஏழு மணிக்குத் தோழி தேன்மொழியோடு வண்டியில் திரும்பினேன். செங்கம் ரோட்டில், எங்கள் வாசலில் ஏழு ஜோடிச் செருப்பு.

"ஏய், புதுசா இருக்குதுடி."

"பழசு எடுத்து வெக்கிறேன்னு எங்கம்மா சொன்னாங்க. அவங்களுக்கு மனசு பெருசு. அள்ளு."

எட்டரைக்குள் தேன்மொழி வீட்டில் வைத்து வெட்டியும் முடித்தோம்.

பௌர்ணமியன்று இந்த ஊரில் வாசலில் செருப்பு கிடந்தால், யாரோ வெறுங்காலோடு கிரிவலம் போயிருக்கிறார்கள் என்று எல்கேஜி பிள்ளைக்கும் தெரியும். நான் கிளம்பிய பிறகு, ஆறு மணிக்கே மாப்பிள்ளை வீட்டார் வந்து, மலை சுற்றிவிட்டுப் பெண் பார்க்கலாம் என்று போயிருந்தார்கள்.

பஜ்ஜி, கேசரி, சிரிப்பு எல்லாம் நன்றாகவே முடிந்தது. கிளம்பும்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா வாசலில் நின்று தேடினார். "இங்கதானே வுட்டோம்?"

அம்மா என்னைப் பார்த்தாள்.

"வெட்டிட்டேங்க."

"எதைம்மா?"

"எல்லாத்தையும்."

அக்காவின் முகம் வெளுத்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சூளைப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். அந்தம்மா கொப்புளம் கண்டிருந்த தன் காலையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாலு மணி நேரத்துக்கே எங்களுக்கு இப்படி. அதுங்க தினம் நடக்குதுங்களே! போனா போவுது, அழாத. வேற பழசு எதுனா இருந்தா குடு."

அம்மா எனக்காகக் கட்டிவைத்த நிஜமான மூட்டை கேட்டுக்குப் பின்னால் அப்படியே கிடந்தது. மாப்பிள்ளை ஒரு காலில் நீலம், ஒரு காலில் பச்சை மாட்டிக்கொண்டு, "பொண்ணைப் புடிச்சிருக்குது. நிச்சயதார்த்தத்துக்குச் செருப்பைப் பையில போட்டுக்கினு வரோம்," என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

இப்போதும் அக்கா வீட்டுக்குப் போனால் அவள் மாமியார், அந்த அத்தை, சத்தம் போடுவார்: "செருப்பெல்லாம் உள்ள எடுத்து வைங்க, அவ வந்துட்டா!" வாசலே துடைத்துவிட்டாற்போல் ஆகிவிடும். ஒரு மூட்டை மட்டும் வெளியே இருக்கும். தெரு முழுக்கக் கேட்டு வாங்கி, அத்தையே எனக்காகக் கட்டியது. மேலே ஓர் அட்டை: 'இதை மட்டும்.'