பதினாறு கம்பிகளின் மதிப்பு

எந்த வரைபடத்திலும் இல்லாத செம்மதில் என்னும் நகரத்தில், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வீட்டுவரி தவறாமல் வந்துகொண்டிருந்தது. அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. சாக்கடை அள்ள வேண்டும், குழாயில் தண்ணீர் வர வேண்டும், சொந்தமாக நாலு சுவர் வைத்திருக்கிறவன் அதற்குக் கொடுக்கத்தானே வேண்டும் என்று நினைக்கிற சனம் அது. நூறு பணம் மதிப்புள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு ஐந்து பணம் வரி. மதிப்பு எவ்வளவு என்பதை நகர்மன்றம் சொல்லும். கணக்கு அவ்வளவுதான்.

அந்த நகரத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வீட்டை முழுதாகக் கட்டி முடிக்க மாட்டார்கள். முடிக்கக் கையில் காசும் இருக்காது. மேல்தளம் போட்டதும் தூண்களின் கம்பிகளை அறுக்காமல் இடுப்பு உயரத்துக்கு நீட்டி விட்டுவிடுவார்கள். பின்னால் கை கொஞ்சம் ஓடினால் அதன்மேல் மாடி எடுக்கலாம் என்று ஒரு எண்ணம். அந்தக் கம்பிகளில் துணி காயும், காக்கை உட்காரும். பாதி வீடுகளில் மாடி வரவே வராது. ஆனாலும் கம்பியை யாரும் அறுப்பதில்லை. அறுத்தால் பெற்ற பிள்ளையைப் பற்றித் தன் வாயாலேயே கெட்டது சொன்ன மாதிரி.

கீழக்கோடித் தெருவில் சடையன் என்று ஒருவன் இருந்தான். கட்டடங்களுக்குக் கம்பி கட்டுவது அவன் வேலை. அவன் மனைவி பூவாயி சித்தாள். வாரத்தில் ஆறு நாள் பிறத்தியார் வீட்டையும் ஏழாவது நாள் தங்கள் வீட்டையும் கட்டினார்கள். ஒரு அறையும் ஒரு அடுப்படியும் எழும்பப் பதினோரு ஆண்டு ஆயிற்று. தூண் நாலு, தூணுக்குக் கம்பி நாலு, ஆகப் பதினாறு கம்பி தளத்துக்கு மேலே நின்றது. அது மகன் மலையரசனுக்கு. அவன் வடக்கே ஏதோ ஒரு ஆற்றில் அணை கட்டப் போனவன். முதல் இரண்டு ஆண்டு கடிதம் வந்தது, பணமும் வந்தது. அப்புறம் எதுவும் வரவில்லை. பூவாயி வருடா வருடம் மழைக்கு முன்னால் ஏணி வைத்து ஏறி, கம்பி துருப்பிடிக்காமல் இருக்கச் சிமெண்ட் பால் பூசிவிட்டு இறங்குவாள்.

அப்படி இருக்கையில் தேர்தல் வந்தது. நகர்த்தந்தை பதவிக்கு நின்ற ஒருவர் மேடைக்கு மேடை ஒன்றையே சொன்னார்: "என் ஆட்சியில் வீட்டுவரி விகிதம் ஒரு காசும் உயராது." சனங்கள் கைதட்டி அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார் என்பதைச் சொல்லியாக வேண்டும். நூற்றுக்கு ஐந்து என்பது கடைசிவரை நூற்றுக்கு ஐந்தாகவே இருந்தது. வீடுகளின் மதிப்புதான் உயர்ந்தது.

முதல் ஆணைப்படி, விளக்குக் கம்பம் உள்ள தெருவில் எல்லா வீட்டுக்கும் மதிப்பு ஒன்றரை மடங்கு. மறுநாளே தெருவுக்கு நாலு கம்பம் நட்டார்கள். விளக்கு வரவில்லை. கேட்கப் போனவர்களிடம் மன்றத்தில் பொறுமையாக விளக்கினார்கள். "கம்பத்துக்கு இந்த மதிப்பு. விளக்கும் எரிந்தால் இரண்டு மடங்காகும். எரிய விடட்டுமா?" போனவர்கள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இருட்டில் திரும்பி வந்தார்கள். பொதுமக்கள் விருப்பப்படி விளக்குத் திட்டம் கைவிடப்பட்டதாக அரசிதழில் வந்தது.

இரண்டாவது ஆணை கம்பிகளைப் பற்றியது.

வீடுகளை அளந்து பதிவேட்டில் எழுதுகிறவருக்கு அந்நகரத்தில் அளவர் என்று பெயர். அவர் ஒரு காலையில் சடையன் வீட்டு ஏணியில் ஏறி, எண்ணி, இறங்கினார்.

"கீழ் வீடு ஒன்று. மேல் வீடு ஒன்று."

"மேல ஏதுங்கய்யா வீடு?" என்றாள் பூவாயி. "இப்பத்தானே ஏறிட்டு வந்தீங்க. தலையில ஏதாச்சும் இடிச்சுதா?"

"பதினாறு கம்பி இருக்கிறது, அம்மணி. கம்பி என்பது மாடிக்கான நோக்கம். நோக்கம் நிறைவேறும் நாளைத் தாங்கள் எழுத்தில் தெரிவிக்காதவரை, அது நிறைவேறிவிட்டதாகவே மன்றம் கொள்ளும்."

அடுத்த வீட்டு வேலாத்தா சுவர் மேல் எட்டிப் பார்த்தாள். "அய்யா, எனக்குக்கூட ரொம்ப நாளா பட்டுச்சேல வாங்கணும்னு நோக்கம். அதுக்கும் இப்பமே போட்டுக்குங்க. உடுத்துன மாதிரியாச்சும் இருக்கட்டும்."

அளவர் சிரிக்கவில்லை. அவருக்குச் சிரிப்பதற்கு ஆணை இல்லை. மேல் வீட்டுக்கும் சேர்த்து எழுதிய சீட்டைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்.

ஆட்சேபம் இருந்தால் மன்றத்தில் முறையிடலாம் என்று சீட்டின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. அதைவிடச் சின்ன எழுத்தில், வரியை முழுவதும் கட்டிய பிறகே முறையிடலாம் என்று இருந்தது. வீட்டில் இருந்த இரண்டு ஆட்டையும் விற்று வரியைக் கட்டிவிட்டு முறையிடப் போனார்கள். மன்றக் கட்டடம் எட்டு மாடி. அது மக்களுடையது என்பதால் அதற்கு வரி கிடையாது. அதன் முதல் மூன்று மாடிக்குப் பூவாயி சாந்து சுமந்திருக்கிறாள்.

தலைமை மதிப்பாளர் ஏகநாதர் உயரமான நாற்காலியில் இருந்தார்.

"கம்பியை எதற்கு விட்டீர்கள்?"

"எம் மவனுக்குங்க சாமி. வந்தான்னா மேல ஒரு ரூமு எடுக்கலாமேன்னு."

"ஆக, மாடி உண்டு."

"இல்லீங்களே. அவன் வரணும், நாலு காசு கொண்டாரணும், அதுக்கப்புறமில்ல மாடி."

"வருவானா?"

"வருவான்" என்றாள் பூவாயி.

"எழுதிக்கொள்ளுங்கள். மாடி வரும் என்பதை உரிமையாளர் ஒப்புக்கொண்டார்."

சடையன் குறுக்கே பேசினான். "ஐயா, அவ பெத்தவ. பெத்தவகிட்டக் கேட்டா வேற என்னங்க சொல்லுவா? போயி ஏழு வருசமாச்சு. அஞ்சு வருசமா ஒரு தாக்கலும் இல்ல."

"ஆக, வரமாட்டான்."

சடையன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "அப்படிச் சொல்லலீங்க."

"மன்றத்துக்கு இரண்டில் ஒன்று வேண்டும்" என்றார் ஏகநாதர். "வருவான் என்றால் இரண்டு வீடு. வரமாட்டான் என்றால் ஒரு வீடு. உங்களைப் போன்றவர்களின் துயரை எண்ணி நகர்த்தந்தை ஒரு படிவமே அச்சிட்டிருக்கிறார்."

எழுத்தர் படித்துக் காட்டினார். 'என் மகன் இன்னார் இனித் திரும்பமாட்டார் என்றும், அவர் பொருட்டு இவ்வீட்டில் எவ்வித எதிர்பார்ப்பும் இல்லை என்றும் உறுதியளிக்கிறேன்.' கைநாட்டு வைக்கக் கட்டம் போட்டிருந்தது. மைப்பெட்டியும் திறந்தே இருந்தது.

பூவாயி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "நான் வெரலு வெக்க மாட்டேன் சாமி. வரிய எடுத்துக்குங்க."

"எடுத்தாயிற்று" என்றார் ஏகநாதர்.

தெருவில் மற்றவர்கள் தங்களுக்குத் தெரிந்த வழியைப் பார்த்தார்கள். வேலாத்தா அன்றைக்கே ஆள் கூப்பிட்டுக் கம்பியை அறுத்துவிட்டாள். உடனே மூன்றாவது ஆணை வந்தது. நீட்டிய கம்பி இல்லாத வீடு கட்டி முடிந்த வீடு. கட்டி முடிந்த வீடு மாளிகை வகையைச் சேர்ந்தது. எதிர்பார்ப்பு இல்லை என்று ஏதாவது ஒரு படிவம் கொடுத்தவர்களுக்கு மட்டும் விலக்கு. வேலாத்தாவின் ஓட்டை அடுப்படி மாளிகை ஆகிவிட்டது.

"அறுக்கலன்னா மாடியாம், அறுத்தா மாளிகையாம்" என்று அவள் தெருவுக்கே கேட்கச் சொன்னாள். "போயி படிவத்துல வெரல வெச்சிட்டு வந்துட்டேன் பூவாயிக்கா. எம் பையனுக்குக் கல்யாணமே ஆவாதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன். அவன் மூஞ்சிக்கு யாரு குடுக்கப் போறா, பொய்யில்லன்னு வெச்சுக்க." சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போனவள் அன்று முழுக்க வெளியே வரவில்லை.

அடுத்த ஆண்டு அளவர் மறுபடி வந்தார். ஏணியில் ஏறவில்லை. வெயிலில் நின்றபடியே பதிவேட்டைப் படித்தார். எட்டு ஆண்டு வெளியூரில் உழைக்கிற மகன் கட்டுகிற மாடி சாதாரண மாடியாக இருக்க முடியாது என்பதால் மேல் வீட்டின் மதிப்பு திருத்தப்பட்டிருந்தது. பளிங்குத் தரை. தேக்குக் கதவு. சன்னல் நாலு.

பூவாயி வெறும் தளத்தை நிமிர்ந்து பார்த்தாள். "சன்னல் எந்தப் பக்கங்கய்யா வெச்சிருக்குது?"

அளவர் பதிவேட்டில் விரலை ஓட்டித் தேடினார். "கிழக்கே இரண்டு. தெற்கே இரண்டு."

"நானும் கெழக்கதான் நெனச்சிருந்தேன்" என்றாள்.

அந்த வரியை அவர்களால் கட்ட முடியவில்லை. மூன்றாம் மாதம் குழாயை அடைத்தார்கள். சடையனுக்கு அதற்குள் இருமல் வந்துவிட்டது. முப்பது வருடம் குடித்த சிமெண்ட் தூசி நெஞ்சுக்குள் கட்டிக்கொண்டது. பூவாயி வேலைக்குப் போய்விட்டு வந்து, மூன்று தெரு தள்ளிப் போய்த் தண்ணீர் சுமந்தாள். ஆறாம் மாதம் கதவில் ஏலச் சீட்டு ஒட்டினார்கள். பதினைந்து நாள் கெடு.

பதினாலாம் நாள் காலையில் சடையன் எழுந்து உட்கார்ந்தான்.

"பூவாயி, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காத."

"நீ என்ன சொல்லுவேன்னு தெரியும்."

"அவன் வந்தா நிக்கறதுக்கு ஒரு எடம் இருக்கணும்ல? ஏலத்துல போயிருச்சுன்னா எந்த வாசப்படிய வந்து தட்டுவான்? வரமாட்டான்னு எழுதிக் குடுத்தாத்தான் அவன் வரதுக்கு வீடு மிஞ்சும்."

பூவாயி பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள். பிறகு புடவையை மாற்றிக்கொண்டு மன்றத்துக்குப் போனாள்.

கட்டத்துக்குள் விரல் சரியாக விழவில்லை என்று எழுத்தர் இன்னொரு படிவம் எடுத்தார். அதிலும் ரேகை கலைந்துவிட்டது. மூன்றாவதில் அவரே அவள் விரலைப் பிடித்து வைத்தார். படிவம் ஒவ்வொன்றுக்கும் அரைப் பணம் வாங்கிக்கொண்டார்கள்.

படிவம் கொடுத்தால் கம்பியையும் அறுத்தாக வேண்டும் என்பது விதி. அதற்கு ஆள் வைக்கக் காசில்லை. சடையனே ரம்பத்தை எடுத்துக்கொண்டு ஏறினான். நாலு இழுப்புக்கு ஒருமுறை இருமி உட்கார்ந்தான். கம்பி ஆடினால் ரம்பத்தின் பல் நழுவும் என்று பூவாயி இரண்டு கையாலும் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டாள். பதினாறையும் பிடித்துக்கொண்டாள். அளவர் கீழே நின்று எண்ணிச் சரிபார்த்து, எதிர்பார்ப்பு ஏதும் இல்லை என்று பதிவேட்டில் எழுதினார். ஏலச் சீட்டைக் கிழித்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது.

ஐந்து ஆண்டு முடிந்து மறுபடியும் தேர்தல் வந்தது. நகர்த்தந்தை மேடைக்கு மேடை, விகிதம் உயரவில்லை என்பதைச் சுட்டிக்காட்டினார். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் சனங்கள் இந்த முறை கைதட்டவில்லை. வாக்களிக்கும் நாளில் கீழக்கோடித் தெருவே விடியலில் போய் வரிசையில் நின்றது. சடையனால் நடக்க முடியாததால் பூவாயி மட்டும் போனாள்.

வாக்குச்சாவடி அலுவலர் பட்டியலில் அவள் வீட்டைத் தேடிப் பிடித்தார். "சடையன், பூவாயி, மலையரசன். உங்க வீட்டுல ஒரு ஓட்டு விழுந்தாச்சும்மா."

"அவருக்கு ஒடம்பு சரியில்லீங்களே, வரவே இல்லியே."

"சடையன் இல்ல. மலையரசன். காலையில மொத ஆளா வந்து போட்டிருக்காரு."

பூவாயி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்தானா? எம் புள்ள வந்தானா? நீங்க பாத்தீங்களா சாமி? எப்படி இருந்தான்? எளச்சிருந்தானா?"

அலுவலர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் போனான்னாச்சும் சொல்லுங்கய்யா. வீட்டுக்குத்தான் போயிருப்பான், நான் வேற குறுக்கு வழியில வந்துட்டேன்..."

வரிசையில் பின்னால் நின்ற வேலாத்தா முன்னால் வந்து அவள் தோளைப் பிடித்தாள். "அக்கா, வா. இது அது இல்லக்கா." தெருவில் எல்லாருக்கும் அது என்னவென்று தெரிந்தது. அவர்கள் வீடுகளிலும் செத்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள், இனிமேல் பிறக்கவேண்டியவர்கள் என்று பலர் காலையிலேயே வந்து வாக்களித்துவிட்டுப் போயிருந்தார்கள். பூவாயி தோளை உதறிக்கொண்டு, ஓட்டுப் போடாமல், வீட்டுக்கு ஓடினாள். வீட்டில் சடையன் மட்டும் இருமிக்கொண்டு படுத்திருந்தான். அவள் மூன்று பேருக்கு உலை வைத்தாள்.

நகர்த்தந்தை மிகச் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

மூன்றாம் வாரம் அளவர் வந்தார். சடையன் மகன் மலையரசன் நகரில் இருப்பதற்குத் தேர்தல் ஆவணமே சான்று என்பதால் உறுதிமொழி செல்லாது. கம்பி இல்லாவிட்டாலும் மகன் இருக்கிறான்; மகன் இருந்தால் மாடி உண்டு. விட்டுப்போன காலத்துக்கும் சேர்த்து மேல் வீட்டு வரி.

சடையன் சுவரைப் பிடித்து எழுந்தான். "திருட்டு ஓட்டுய்யா அது! எம் புள்ள பேர்ல எவனோ..."

"தேர்தல் தவறு என்கிறீர்களா?" என்றார் அளவர். அதைக் கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். தெருவில் யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று அவரும் பயந்த மாதிரி இருந்தது.

சடையன் வாயைத் திறந்தான். இருமல் வந்துவிட்டது.

பூவாயி உள்ளே போனாள். மருந்துக்கென்று வைத்திருந்த சுருக்குப் பையோடு வந்தாள். முதல் தவணைக்கு வேண்டியதை எண்ணி அளவர் கையில் வைத்தாள். இந்த முறை அவள் ஆட்சேபம் சொல்லவில்லை.

"ரசீதுல அவன் பேரையும் எழுதிக் குடுங்கய்யா" என்றாள். "ஊருக்கு வந்திருந்தான்னு எங்கிட்ட ஒரு காயிதம் இருக்கட்டும்."

அளவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். தடை எதுவும் இல்லை. எழுதிக் கொடுத்தார்.