ஆள் வைக்காத ஏலம்

“திரு. இக்னேஷியஸ்” என்று சபாநாயகர் மூன்றாம் முறை அழைத்தபோது, சட்டசபையின் கடைசி பெஞ்சில் இருந்த இன்னாசியும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தார். யாரப்பா அந்த ஆள், கூப்பிடக் கூப்பிட எழுந்திருக்காமல் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறான் என்று அவருக்கே எரிச்சலாக இருந்தது.

பக்கத்து மெம்பர் விலாவில் இடித்தார். “உம்மைத்தான் ஐயா!”

ஞானஸ்நானத்தன்று சாமியார் வைத்த பெயர் அது. அன்றைக்குப் பிறகு அதைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. இன்னாசி பதறி எழுந்தார். வாயைத் திறந்தார், வெறும் காற்றுதான் வந்தது.

“மீன் துறை மானியத்தின் மீது பேச நேரம் கேட்டிருந்தீர்களே, பேசுங்கள்” என்றார் சபாநாயகர்.

“அது... வந்து... ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லிவிட்டு இன்னாசி உட்கார்ந்தார்.

இத்தனைக்கும் அவர் ராயபுரம் கடற்கரையில் மீன் ஏலம் கூவுகிறவர். அவர் குரலைக் கேட்டு, சங்கு ஊதிவிட்டது என்று நினைத்துத் துறைமுகத்தில் கிரேனை நிறுத்திவிட்டு ஒருவன் சாப்பிடப் போய்விட்டான் என்று சொல்வார்கள். மணலில் கூவுகிறவர் அவர் ஒருவர்தான். வாங்க வந்தவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். காதைத் தொட்டால் விலையை ஒரு படி ஏற்றுகிறார் என்று அர்த்தம். தலையை ஆட்டினால் எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். மற்ற ஏலக்காரர்கள் கூட்டத்துக்குள் தங்கள் ஆள் ஒருவனை நிறுத்திவைத்து, பொய்யாகக் காதைத் தொடச் சொல்லி விலையை ஏற்றிவிடுவார்கள். இன்னாசி அதைச் செய்ததே கிடையாது. “நம்ம ஏலத்துல ஏத்திவுட ஆளு கெடையாது” என்று தன் பேட்டையான கல்மண்டபம் முழுக்கச் சொல்லித் திரிவார்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷத்துத் தேர்தலில், அந்தக் குரலை நம்பித்தான் மீன் விற்கிற பெண்கள் அவரைச் சுயேச்சையாக நிறுத்தி ஜெயிக்கவைத்தார்கள். வெயிலிலும் மழையிலும் தரையில் உட்கார்ந்து விற்கிற அவர்களுக்கு ஒரு கொட்டகை வேண்டும். ஜெயித்த மிதப்பில் இன்னாசி கோயில் வாசலில் நின்று, “ரெண்டு வருசத்துல கொட்டகை வர்லேன்னா நா இனிமே ஏலமே கூவ மாட்டேன்! இது அந்தோணியார் மேல சத்தியம்!” என்று முழங்கிவிட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. தானாகச் சொன்னதுதான்.

அந்த இரண்டு வருஷத்தில் நாட்டுப் பிரச்சினைகளுக்கு அவர் ஆற்றிய பங்கு கொஞ்சம்தான். ஐந்தாண்டுத் திட்ட விவாதத்தில் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். உணவுப் பஞ்சத்தைப் பற்றிப் பேசியபோது ஏப்பம் விட்டார். மதுவிலக்கு விவாதத்தில் அவருக்கு விக்கல் வந்து சபையே திரும்பிப் பார்த்தது. மொழி விவாதத்தில் மட்டும் இரண்டு நாளும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எந்த மொழிக்கும் அவரால் ஒரு தொந்தரவும் வரவில்லை.

சபை கலைந்ததும் தாழ்வாரத்தில் வேதமாணிக்கம் வழிமறித்தார். தெற்கத்திக்காரர், திருவொற்றியூர்ப் பக்கம் அரிசி மண்டி வைத்திருப்பவர், ஆளும் கட்சி மெம்பர். கடல் மணலில் செருப்பு படாமல் வாழ்ந்துவிட்ட மனிதர். இன்னாசியைக் கிண்டல் செய்யாவிட்டால் அவருக்குக் காப்பி இறங்காது.

“என்னவே, கூப்பிட்டாலும் எந்திரிக்க மாட்டேங்கீரு, எந்திரிச்சாலும் பேச மாட்டேங்கீரு. உம்ம ஜனங்க எதுக்குவே உம்மைய இங்க அனுப்புனாங்க?”

இன்னாசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகரப் பார்த்தார்.

“அது கெடக்கட்டும். உங்க கடல்ல மீனு உண்டா, வத்திப்போச்சா? ஒரு வாரமா எங்க வீட்டுல கத்திரிக்காயும் புடலங்காயுமா ஆக்கிப் போட்டுக் கொல்லுதா. கேட்டா மீன்காரி வரலங்கா.” சொல்லிவிட்டு அந்தப் பெரிய மனிதர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கரையில் அந்த வாரம் சங்கரா மீன் மலிந்து கிடந்தது. ஆனால் வேதமாணிக்கம் வீட்டுச் சமையலைப் பற்றி யோசிக்கிற நிலையில் இன்னாசி இல்லை.

கல்மண்டபத்தில் அவர் வீட்டு வாசலிலேயே சிலுவையம்மாள் காத்திருந்தாள். மீன்காரிகளுக்கெல்லாம் தலைவி. தேர்தலில் அவருக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவள்.

“இன்னா நைனா, பேசினியா?”

“பேசினேன் சிலுவக்கா.”

“இன்னா பேசினே?”

“ஒண்ணுமில்லீங்கன்னு பேசினேன்.”

சிலுவையம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “போன மழைல கூடைய தலைல கவுத்துக்கினு நின்னோம். மீனு தண்ணில நின்னுச்சு, நாங்களும் தண்ணில நின்னோம். மீனுக்கு ஒண்ணும் ஆவல, எங்களுக்குத்தான் ஜொரம்” என்றாள். “நாளைக்கு ஒரு நாள்தான் கீது. அதோட மீன் துறைப் பேச்சு முடிஞ்சுடும். சத்தியம் பண்ணது நெனப்பு கீதா?”

நினைப்பில்லாமல் என்ன? மெம்பர் பதவி போனால் போகட்டும். விடிகிற வேளையில் ஈர மணலில் நின்று கூவாத ஒரு நாளை இன்னாசியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

“நாங்க பாஸு வாங்கிக்கினு வந்து மேல குந்திக்கினு பாக்கறோம். மந்திரி தொகை சொல்லுவாரில்ல, அத்த மட்டும் ஒயுங்கா காதுல வாங்கிக்கோ” என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

கதவைச் சாத்தியதும் மனைவி ஆலிஸ் இடுப்பில் கைவைத்தாள். “ஏலம் கூவாத மனுசன வூட்ல வச்சிக்கினு நா இன்னா பண்றது? அந்தக் கொரல வச்சிக்கினு என்னாண்டதான் கூவுவே. மொதல்ல உன் பேரு உனக்குத் தெரியணும்.”

அன்று சாயங்காலம் முழுக்க அவள் “இக்னேஷியஸ், தண்ணி எடு”, “இக்னேஷியஸ், நவுந்து குந்து” என்று பழக்கினாள். எங்கிருந்து கூப்பிட்டாலும் எழுந்து நிற்க வேண்டும் என்று கட்டளை.

ஆலிஸின் தம்பி வால்டர் துறைமுகத்தில் கிளார்க். இலக்கியப் பைத்தியம். அவன் உட்கார்ந்து ஒரு பிரசங்கம் எழுதிக் கொடுத்தான். “கடல்சூழ் வையகத்தே கயல்விழி மகளிர்தம் கண்ணீர்க் கடலினும் கரிப்பதோ கடல்” என்று ஆரம்பித்தது.

“இன்னாடா மச்சான், ஒரே கடலா கீது? கொட்டகை எங்க?”

“கொட்டகை கடைசில வரும் மாமா.”

“நா அதுவரைக்கும் உசுரோட இருக்கணுமே.”

“பயம்தான் உனக்கு வியாதி. அதுக்கு ஒரு வழி கீது. எதிர்ல குந்திக்கினு இருக்கறவங்கள மனுசனா நெனைக்காத. கூடைல கீற மீனா நெனச்சுக்கோ. மீனப் பாத்து நீ என்னிக்காவது பயந்தியா?”

யோசனை நல்லதாகத்தான் தோன்றியது.

மறுநாள் காலை சபை கூடியது. ஆலிஸ் கொடுத்த பயிற்சி வீண் போகவில்லை. சபாநாயகர் ‘இராமலிங்கம்’ என்றார், இன்னாசி எழுந்தார். ‘இப்ராஹிம்’ என்றார், அதற்கும் எழுந்தார். சபாநாயகர் தும்மியபோதும் எழுந்து நின்றார்.

“கனம் உறுப்பினரே, உங்களை நான் கூப்பிடவில்லை. இன்னொரு முறை எழுந்தால் இன்றைக்குக் கூப்பிடவே மாட்டேன்” என்றார் சபாநாயகர்.

இன்னாசி பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மேலே பார்வையாளர் வரிசையில் சிலுவையம்மாளும் இரண்டு பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். மீன் கூடையை உள்ளே விடமாட்டேன் என்று காவல்காரன் மறித்ததால், அதை வாசலிலேயே அவன் பொறுப்பில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். சிலுவையம்மாள் கீழே இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மீன் துறை மந்திரி எழுந்தார். வலைக்கு இவ்வளவு, படகுக்கு இவ்வளவு என்று அடுக்கிக்கொண்டே வந்து, “கல்மண்டபம் மீன் கொட்டகைக்கு மூவாயிரம் ரூபாய்” என்று முடித்துவிட்டு உட்கார்ந்தார். மூவாயிரத்தில் நாலு கம்பம் நடலாம். கூரைக்கு அந்தோணியாரிடம்தான் போக வேண்டும்.

“திரு. இக்னேஷியஸ். இரண்டே நிமிஷம்” என்றார் சபாநாயகர்.

இன்னாசி எழுந்தார். “கடல்சூழ்...” என்றார். பிறகு, “கடல்சூழ்... கடல்...” என்றார். அதற்கப்புறம் வெறும் கடலாகத்தான் இருந்தது. எங்கோ ஒருவர் சிரித்தார். சிலுவையம்மாள் மேலே இருந்து குனிந்து பார்ப்பது தெரிந்தது. வால்டர் சொன்ன வழிதான் பாக்கி. இன்னாசி எதிரே இருந்தவர்களை மீனாக நினைக்க ஆரம்பித்தார். முன் வரிசையில் அகலமாக உட்கார்ந்திருந்த மந்திரி நல்ல கொடுவா மீன். வெள்ளைச் சட்டைக்காரர்கள் எல்லாம் வவ்வால் மீன். தன்னோடு பின் பெஞ்சில் இருந்தவர்கள் நெத்திலி. பயம் விட்டுப்போயிற்று. மூக்கில் கடல் வாடைகூட அடித்தது.

அந்த நேரம் பார்த்து, ஆளும் கட்சி வரிசையில் வேதமாணிக்கம் கையைத் தூக்கித் தன் காதைத் தொட்டார்.

அவ்வளவுதான். இன்னாசியின் கை தானாக மேலே போனது.

“மூவாயிரம்! கல்மண்டபம் கொட்டகை மூவாயிரம்! மண்டிக்காரரு காதைத் தொட்டாரு, நாலாயிரம்! நாலாயிரம் ஒரு தரம்!”

மாடத்தில் இருந்த புறாக்கள் ஒன்று விடாமல் பறந்தன. பின் வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த கோயமுத்தூர்ப் பக்கத்துப் பெரியவர் திடுக்கிட்டு விழித்து இரண்டு காதையும் பொத்தினார்.

“ரெண்டு காதும் தொட்டாரு பெரியவரு! ஆறாயிரம்! ஆறாயிரம் ஒரு தரம், ரெண்டு தரம்!”

குரல் தாங்காமல் இன்னாசிக்கு முன்னால் இருந்த மூன்று பேர் காதில் கைவைத்தார்கள். ஒன்பதாயிரம். வேதமாணிக்கம் மறுபடியும், தவறாமல், காதைத் தொட்டார். பத்தாயிரம். சபாநாயகர் மணியை அடித்துப் பார்த்தார், அது அவருக்கே கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் அவரும் காதைப் பொத்தினார்.

“சபாநாயகரே எறங்கிட்டாரு! பன்னெண்டாயிரம்! பன்னெண்டாயிரம் ஒரு தரம்! ரெண்டு தரம்!”

செயலாளர் குனிந்து மந்திரியிடம் ஏதோ கேட்க, மந்திரி ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

“கொடுவா தலையாட்டிடுச்சு! மூணு தரம்!” என்று இன்னாசி மேஜையில் ஓங்கி அறைந்தார்.

அந்தச் சத்தத்தில்தான் அவருக்கே நினைவு வந்தது. மணல் இல்லை, கூடை இல்லை, சுற்றிலும் கதர்ச் சட்டைகள். கட்சி வித்தியாசமில்லாமல் சிரிப்பு வெடித்தது.

“இது என்ன சட்டசபையா, மீன் சந்தையா?” என்று சபாநாயகர் கத்தினார்.

“இன்னிக்கு மீன் துறைதானுங்களே” என்றார் இன்னாசி, ஈனக் குரலில்.

அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. கொட்டகையும் போச்சு, மானமும் போச்சு, இனி ஏலமும் போச்சு என்று தலையைக் குனிந்துகொண்டார்.

வேதமாணிக்கம் எழுந்தார். “தலைவர் அவர்களே, பேசுன விதம் எப்படி வேணாலும் இருக்கட்டும். அந்தப் பெண்கள் மழையில நிக்காங்க. பன்னிரண்டாயிரம் கொடுக்கணும்னு நானும் கேட்டுக்கிடுதேன்.”

மந்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் நீர் வந்திருந்தது. “என் கட்சிக்காரரே என் எதிரில் விலையை ஏற்றிவிட்டால் நான் என்ன செய்வது? நானும் தலையை ஆட்டிவிட்டேன். பன்னிரண்டாயிரம் ஒதுக்கப்படும்.”

சபை மேஜையைத் தட்டியது. இன்னாசிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

வெளியே வந்தபோது மறுபடியும் பழைய இன்னாசியாகிவிட்டார். தோளில் துண்டு மேலும் கீழும் பறந்தது. வாசலில் காவல்காரனிடம் இருந்து சிலுவையம்மாள் கூடையைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தாள். வாழையிலைக்கு வெளியே ஒரு வஞ்சிரத்தின் வால் நீட்டிக்கொண்டிருந்தது.

“பாத்தியா சிலுவக்கா! கோட்டைக்குள்ளயே ஏலம் போட்டுட்டேன். அதுவும் எப்டி? ஏத்திவுட ஒரு ஆளு இல்லாம, சுத்தமான ஏலம்! வால்டரு குட்த்த யோசனைதான். நல்லவேளையா அந்த வேதமாணிக்கத்துக்குக் காது நமச்சுது பாரு, அது அந்தோணியாரு செஞ்ச புதுமை.”

“ஆமா நைனா” என்று சொல்லிக்கொண்டே அவள் கூடையைத் தலையில் ஏற்றினாள்.

“எங்க கெளம்பிட்டே? கல்மண்டபம் பஸ்ஸு இந்தப் பக்கம்.”

“டோல்கேட்டு தாண்டி அரிசி மண்டிக்காரரு வூட்டுக்குப் போறேன்” என்றாள் சிலுவையம்மாள். “ஒரு வாரமா எங்காளு ஒருத்தியையும் அந்தத் தெருவுல மீனோட நொயய வுடாம நிறுத்தி வச்சி, நேத்து ராத்திரி அவரப் பாத்து, காதைத் தொட்டாத்தான் மீனுன்னு கத்துக்குட்த்தேன். பின்ன, ஏலம்னா ஏத்திவுட ஒரு ஆளு வோணாமா?”