ஒரு தாதா ஈரோட்டுக்குப் போன கதை

எனக்கு 'முடியாது' என்று சொல்ல வராது. (வயது முப்பத்தாறு, இன்னும் வரவில்லை.) கடைக்காரர் தொளதொள சட்டையைக் கொடுத்தாலும் 'நல்லாருக்குதுங்க' என்று வாங்கி வந்துவிடுவேன்.

அதனால்தானோ என்னவோ, தாதா படங்கள் என்றால் எனக்கு உயிர். வெட்டும் குத்தும் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு நிம்மதி. அந்தப் படங்களில் யாரும் யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை. தாதா வெறுமனே பார்ப்பான். எதிரே நிற்பவனுக்கு வேர்த்துக் கொட்டும். கருமத்தம்பட்டிக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் தினமும் போனில் இதைத்தான் பார்ப்பேன், கால் ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டிருக்கும். பக்கத்து சீட்டுக்காரர் முறைத்தால் 'சாரிங்க' என்று அடக்கிக்கொள்வேன்.

அப்போது என் மனைவி சுமதிக்கு எட்டாவது மாதம். அவளுக்கு அம்மா இல்லை. பிரசவம் எங்கள் வீட்டுப் பொறுப்பு. எங்கள் துணிக் கம்பெனி ஈரோட்டில் புதுக் கடை திறக்கவிருந்தது. அதை நடத்தப்போகும் மேனேஜர் என்னையும் மூன்று மாதம் அங்கே கூட்டிப்போவதாகப் பேச்சு அடிபட்டது.

"ஏனுங்க, இந்த ஒருக்கா மட்டும் முடியாதுன்னு சொல்லிப்போடுங்க. வலி வர்றப்ப நீங்க பக்கத்துல இருக்கோணும்" என்றாள் சுமதி. அவள் என்னிடம் எதையுமே கேட்டதில்லை. (சேலைகூட. கடைக்காரர் கொடுத்ததைத்தான் வாங்கி வருவேன் என்று தெரியும்.)

கண்ணாடி முன் இரண்டு நாள் ஒத்திகை பார்த்து ஒரு முடிவுக்கு வந்தேன்: பேசவே கூடாது. பேசினால்தானே 'சரிங்க' வரும்? பார்வையிலேயே காரியத்தை முடித்துவிட வேண்டும்.

மறுநாள் தன் அறைக்குக் கூப்பிட்டு, "உக்காருங்க தம்பி" என்றார் மேனேஜர். தங்கமான மனிதர். நான் உட்காரவில்லை.

"என்கூட ஈரோட்டுக்கு வாரீங்களா?"

இமைக்காமல் பார்த்தேன்.

"கண்ணுல தூசி கீசி உழுந்துருச்சுங்களா? மருந்து இருக்குது, போட்டுக்கறீங்களா?"

மேலும் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. (இதைப் படத்தில் காட்டுவதில்லை.) அவர் பதறிவிட்டார்.

"ஊட்டுல எதாச்சும் சங்கடமுங்களா? அப்படின்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன். வாரீங்களா, இல்லீங்களா?"

ஜெயித்துவிட்டேன்! 'இல்லீங்க' என்ற ஒரு சொல் போதும். ஆனால் தாதா பேச மாட்டானே! சட்டைக் கையை மடித்துவிட்டு, மெதுவாகத் திரும்பி நடந்து, கதவைத் திறந்தேன். யாரிடம் விடைபெற்றாலும் 'போறேன்' என்று சொல்லக் கூடாது என்பது சின்ன வயதிலிருந்து ஊறிய பழக்கம். நாக்கு என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"அப்ப வாரேனுங்க."

"அப்பாடா! ரொம்ப சந்தோசமுங்க தம்பி" என்று மேனேஜர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "திங்கக்கெழம காலைல ஸ்டேசனுக்கு வந்துருங்க."

"சரிங்க" என்றேன்.

அதற்குப் பிறகு வாராவாரம் ஊருக்கு வரும் ரயிலில் தாதா படங்களைத் திரும்பப் பார்த்தேன். ஒருவனாவது சொல்லிக்கொண்டு கிளம்புகிறானா என்று கவனித்தேன். ஒருத்தனும் இல்லை.

மகள் பிறந்த நேரத்தில் ஈரோட்டில் யாருக்கோ போர்வை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். செய்தி வந்ததும் கிளம்பி, ரயிலில் உட்கார முடியாமல் கதவோரம் நின்றே வந்தேன். போய்ச் சேர்ந்தபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சுமதி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மகளுக்கு இப்போது ஆறு வயது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது நான் மட்டும் 'வாரேன்' என்று சொல்லக் கூடாது என்பது சுமதி போட்ட சட்டம். நான் 'போறேன்' என்றதும் என் அம்மா காதைப் பொத்திக்கொள்வார். வாய் தவறினால் மகள் ஓடி வந்து வாசலை மறித்துக்கொள்வாள்.

"அப்பா, போறேன்னு சொல்லிட்டுப் போங்க. இல்லீன்னா ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க!"