சோம்பேறித்தனத்துக்கு ரத்த டெஸ்ட்டு

சித்தூர்ல மாங்கா சீசன் வந்துட்டா மனுசன் எறும்பாட்டம் வேலை செய்யணும். அது சட்டம். நம்ம மாங்கூழு ட்ரம்முல ஏறி துபாய்க்குப் போவ ஆரம்பிச்சதுல இருந்து அந்தச் சட்டம் இன்னும் கெட்டியாயிடுச்சு. அதை என் பொஞ்சாதி கமலம்மா மீறிட்டா.

முன்னல்லாம் மணிக்கு நாலு கூடை மாங்கா சீவுவா. இப்ப ஒண்ணே முக்கால். மே மாசம், ரோட்டுல தார் உருகுது, அவ கம்பளி போத்திக்கினு குந்தினு கீறா. மூஞ்சி உப்பிப் போச்சு. சீப்பு பூரா தலமுடி. குரலு கரகரங்குது. துன்றது அரை வயிறு, உடம்பு மட்டும் ஏறிக்கினே போவுது.

நாங்க ரெண்டு பேரும் வேலை செய்யற கம்பெனியில சூப்பர்வைசர் கிருஷ்ணப்பா அவளைக் கூப்புட்டு சொல்லிட்டான். "நோவுன்னா காயிதம் கொண்டா. சோம்பேறின்னா வூட்டுக்குப் போ. எட்டு நாள் டைம்."

காயிதம் குடுக்கன்னே ஒரு ஆபீஸ் கீது. 'மாங்கூழ்த் தொழிலாளர் உடல்நலப் பரிசீலனை மற்றும் பரிந்துரைக் கிளை'. போர்டைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள பஸ்ஸு பலமனேரு தாண்டிடும். உள்ள ஹெட் கிளார்க்கு வெங்கடரமணன். மேஜை மேல தலை, தலைக்கு மேல ஃபேனு. எழுப்பினேன்.

"சார், ரத்த டெஸ்ட்டுக்கு சீட்டு வேணும்."

"ஏமய்யா, நோவு பேரு சொல்லு."

"அது தெரியத்தான் சார் டெஸ்ட்டு."

"பேரு இல்லாம சீட்டு குடுக்க ரூல் லேது."

"சீட்டு இல்லாம பேரு தெரியாதே சார்."

"அப்ப தெரிஞ்சிக்கினு வா."

மூணு நாளு இதே பேச்சு. நாலாம் நாளு கமலம்மாவையே இட்டுக்கினு போனேன். பெஞ்சுல குந்தினவ அப்படியே தூங்கிட்டா. வெங்கடரமணன் பாத்தாரு. தொழில் தெரிஞ்சவர் பாக்கற பார்வை.

"இவளுக்கு இன்னாதான் பண்ணுது?"

"அசதி சார். எந்திரிக்க முடியல. எதுவும் நெனப்புல நிக்கல."

பேனாவைத் தெறந்தாரு. 'மேற்படி நபரைப் பீடித்துள்ள நோய்: சோம்பேறித்தனம்'. ரப்பர் ஸ்டாம்ப்பு டொக்குனு விழுந்துச்சு. ரூலுக்கு வயிறு நெறஞ்சிடுச்சு.

ஒரு காப்பி கம்பெனிக்குப் போச்சு. கிருஷ்ணப்பா ரெண்டு தரம் படிச்சான். சர்க்கார் முத்திரை கீது, அப்ப நோவுதான். ஒரு மாசம் லீவு குடுத்துட்டான்.

மறுநாளு அந்த ஆபீஸ் வாசல்ல கியூ. லோடு ஏத்தறவனுங்க, வாட்ச்மேனு, ட்ரைவருங்க, கடைசியில கிருஷ்ணப்பா. எல்லாருக்கும் அதே நோவாம். ஆனா கவுண்டர் மூடிக் கெடக்குது. தட்டிப் பாத்தா உள்ள இருந்து வெங்கடரமணன் கத்தறாரு: "எனக்கு இருபது வருசமா கீது! சீனியாரிட்டிப்படி என் அப்ளிகேசன் போன பின்னாலதான் உங்களுது!"

மேல் ஆபீஸ் மெரண்டு போய் ஆர்டர் போட்டுச்சு. இனிமே ரத்த டெஸ்ட்டு இல்லாம சோம்பேறித்தனத்துக்கு லீவு கெடையாது. எல்லாரும் திருப்பதி போய் ரத்தம் குடுக்கணும்.

எங்களுக்கு அதுக்கு முன்னாடியே சீட்டு கெடைச்சதால மொதல்ல போய்ட்டோம். அங்க டாக்டரம்மா பூமா, சீட்டைப் படிச்சு கண்ணாடி கழண்டு விழற மாதிரி சிரிச்சாங்க. அப்புறம் கமலம்மா கழுத்தைத் தடவிப் பாத்தாங்க. சிரிப்பு நின்னு போச்சு.

"இத்தனை நாள்ல யாரும் கழுத்தைத் தொட்டுப் பாக்கலியா?"

"காயிதத்தைத்தாம்மா தொட்டாங்க."

ரத்தம் எடுத்தாங்க. டி.எஸ்.எச்சுன்னு ஒண்ணு, அஞ்சுக்குள்ள இருக்கணுமாம். இவளுக்கு அறுபத்தெட்டு.

"தைராய்டு சுரப்பி சரியா வேலை செய்யல. மூளை அதைப் பாத்து 'வேலை செய், வேலை செய்'னு கத்துது. அந்தக் கத்தல்தான் இந்த அறுபத்தெட்டு. இவங்க சோம்பேறி இல்ல. இந்த உடம்பை வெச்சிக்கினு ஒண்ணே முக்கால் கூடை சீவினதே பெரிசு."

கமலம்மா முந்தானையால கண்ணைத் தொடச்சிக்கினா.

காலையில வெறும் வயித்துல தண்ணியோட ஒரு மாத்திரை. அப்புறம் அரை மணி நேரம் காபி கூடாது. ஆறு வாரம் கழிச்சு மறுபடி டெஸ்ட்டு. நல்லாயிடுச்சுன்னு நீங்களே நிறுத்தக் கூடாது. அவ்ளோதான் வைத்தியம்.

தோத்தாபுரி மாங்கா லோடு வந்து குவியறப்ப கம்பளி பொட்டிக்குள்ள, கமலம்மா கம்பெனிக்குள்ள. மணிக்கு நாலேகால் கூடை.

மத்தவங்க ரிப்போர்ட்டும் வந்துச்சு. முப்பத்தேழு பேரு. அத்தினி பேருக்கும் நார்மல். வெங்கடரமணன் விடல, மறுபடி திருப்பதிக்குப் போய் டாக்டரம்மாவையே புடிச்சாரு.

"கொஞ்சமாச்சும் கோளாறு இருக்கும், நல்லா பாருங்கம்மா. இருபது வருச சர்வீசு."

"உங்க தைராய்டு ஒழுங்கா வேலை செய்யுது சார். உங்க ஆபீஸ்ல அது ஒண்ணுதான் செய்யுது போல."

அந்த முப்பத்தேழுல நானும் ஒருத்தன். ரிப்போர்ட்டை மடிச்சு சட்டைப் பையில ஒளிச்சு வெச்சிருந்தேன். தொவைக்க எடுத்த கமலம்மா பிரிச்சுப் பாத்துட்டா.

"நார்மல்னு போட்டுக்கீது. அப்ப இத்தினி வருசமா நீ இன்னாத்துக்குய்யா படுத்துக்கினு இருந்த?"

கொடத்தை எடுத்துக்கினு கொழாயாண்ட போனேன். அங்க எங்க கம்பெனி ஆம்பளைங்க பூரா கொடத்தோட வரிசையில நின்னுக்கினு கீறானுங்க. ஒருத்தனும் ஒருத்தன் மூஞ்சியைப் பாக்கல.