சம்பள உச்சவரம்பும் அக்னெஸின் நண்டுக்கறியும்

ஒரு கூடைப்பந்து அணிக்கு ஐந்து பேர் வேண்டும். இதில் ஒருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அகில மொன்றியல் தமிழ்க் கூடைப்பந்து உயர்சம்மேளனத்தில் கருத்து வேறுபாடு இல்லாத விசயம் இது ஒன்றுதான்.

சம்மேளனத்தில் ஆறு அணிகள். ஓடுகிறவர்கள் முப்பது பேர், ஓடுகிறவர்களைப் பார்த்துக் குறிப்பு எழுதுகிற உத்தியோகத்தர் இருபத்திநாலு பேர். தலைவர் பாலகிருஷ்ணன் இந்தியாக்காரர், இளைப்பாறிய பொறியியலாளர். பந்தைக் கையால் தொட்டதில்லை. யாழ்ப்பாணத்தாரும் மன்னாராரும் தலைவர் பதவிக்கு அடிபட்டு ரெண்டு வருசம் கூட்டமே நடக்காமற் போனதால், ரெண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாத ஒருவரைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார்கள். அவரும் சந்தோசமாக இருந்துகொண்டார்.

போன வருசம் பார்க் எக்ஸ்டென்ஷன் அணிக்காரர் ரொறன்ரோவிலிருந்து ரெண்டு உயரமான நெடுவல் ஆட்டக்காரரை ஆளுக்கு ஐந்நூறு டொலர் கொடுத்து இறக்கி, மற்ற ஐந்து அணியையும் அழவைத்துவிட்டார்கள். உடனே சம்மேளனம் விழித்துக்கொண்டது. தொலைக்காட்சியில் வருகிற பெரிய ஆட்டங்களில் சம்பள உச்சவரம்பு என்று ஒன்று இருக்கிறதாம், அதனால் எல்லா அணியும் சமமாகிறதாம். எங்களுக்கும் அது வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. ஓர் அணி ஒரு பருவத்துக்குத் தன் ஆட்டக்காரர் எல்லோருக்குமாகக் கொடுக்கும் சம்பளம் முந்நூறு டொலருக்கு மேற்படலாகாது. அங்கே மில்லியன் கணக்கு, இங்கே நூற்றுக் கணக்கு. பூச்சியங்கள் குறைவே தவிர கௌரவத்தில் ஒரு குறைவும் இல்லை.

ரொக்ஸ்பரோ அணியைப் பதினாறு வருசமாக நடத்துகிறவர் யோசெப். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். நாலு ஆட்டக்காரருக்கு ஆளுக்கு அறுபத்தைந்து கொடுத்து முடித்த பிறகு ஐந்தாவது ஆள் றொக்சன் வேலை கிடைத்து ஒட்டாவாவுக்குப் போய்விட்டான். கையில் மிச்சம் நாற்பது டொலர். பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு முன் ஐந்து பேரைப் பதியாவிட்டால் அணி கலைக்கப்படும் என்பது விதி.

அப்படி நாற்பது டொலருக்கு ஆள் தேடி அலைந்த ஒரு நாள், அக்காடி மெற்றோ நிலையத்தில் கூட்டத்துக்கு மேலாலே ஒரு தலை தெரிந்தது. தமிழ்த் தலை. யோசெப் சனத்தை இடித்துக்கொண்டு போனார்.

"தம்பி, கூடைப்பந்து விளையாடுவீரோ?"

"மன்னாரில பள்ளிக்கூடத்துக்கு விளையாடினனான், அண்ணை. இஞ்ச வந்து நாலு வருசமாச் சட்டிதான் பிடிக்கிறன்."

பெயர் ரதீசன். டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் கிழமைக்கு ஆறு நாள் பாத்திரம் கழுவுகிறவன். எந்த அணியிலும் இல்லாதவனைச் சம்மேளனத்தின் பாசையில் சுதந்திர ஆட்டக்காரர் என்று சொல்வார்கள். கிழமையில் ஆறு நாள் சவர்க்காரத் தண்ணிக்குள் நிற்கிறவனுக்கு இப்படி ஒரு பட்டம் கிடைத்தது அவனுக்கே தெரியாது.

"எவ்வளவு எதிர்பார்க்கிறீர்?"

"காசு வேண்டாம், அண்ணை. சனிக்கிழமை ஒருநாள்தான் எனக்கு லீவு. அதில ரெண்டு மணித்தியாலம் என்னை ஓட விட்டாப் போதும். கையில பந்து பட்டு நாலு வருசம்."

பிரச்சினை தீர்ந்தது என்று யோசெப் நினைத்தார். மூன்று சனிக்கிழமை பயிற்சி நடந்தது. பெடியன் எழும்பினால் கூடைக்கு நோகும்போல இருந்தது. யோசெப் பதிவுப் பத்திரத்தில் 'சம்பளம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதி அனுப்பினார். அடுத்த நாளே செயலாளர் ஜெனாட் தொலைபேசியில் வந்தார். ஜெனாட் நல்ல மனிசன். நாற்பத்திரண்டு பக்க விதிப் புத்தகத்தை எழுதினது அவர், வாசித்ததும் அவர் மட்டும்தான்.

"யோசெப் அண்ணை, சம்பளம் இல்லை எண்டு போட்டிருக்கிறியள்."

"ஓம். பெடியன் சும்மா விளையாடுறன் எண்டவன்."

"சும்மா ஆரண்ணை விளையாடுவினம்?"

"விளையாட்டெண்டால் சும்மாதானே விளையாடுறது?"

"அது விளையாட்டு, அண்ணை. இது சம்மேளனம்."

 ஜெனாட் விளக்கினார். காசு வாங்குகிறவன் எவ்வளவு வாங்குகிறான் என்று தெரியும். வாங்காதவன்தான் ஆபத்தானவன், ஏனென்றால் அவன் வேறு ஏதோ வாங்குகிறான். அதற்கு ஆதாரமும் கையில் இருந்தது. யோசெப்பின் மனைவி அக்னெஸ் மாதா கோயில் வட்ஸ்அப் குழுவில் போட்ட படம். ரதீசன் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறான். கையில் ஒரு நண்டுக்கால்.

"பயிற்சி முடிய அக்கா சாப்பாடு குடுக்கிறவவோ?"

"பசியோட ஒரு பெடியனை அனுப்புறதே? மூண்டு சனியும் சாப்பிட்டவன்."

"அப்ப எட்டு ஆட்டத்துக்கும் சாப்பிடுவான். மொத்தம் பதினொரு சாப்பாடு. உங்களுக்கு மிச்சம் நாற்பது டொலர். நண்டுக்கறிச் சோறு ஒண்டு மூண்டு டொலர் அறுபத்துமூண்டு சதத்துக்கு மேற்படாட்டில் பிரச்சினையில்லை. வியாழக்கிழமை மதிப்பீட்டு உபகுழு கோயில் மண்டபத்துக்கு வரும். அக்காவைச் சமைச்சுக்கொண்டு வரச் சொல்லுங்கோ."

யோசெப் இதை வீட்டில் சொன்னபோது அக்னெஸ் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா. கத்தியைக் கீழே வைத்தா.

"என்ர நண்டுக்கறி மூண்டு டொலரோ? மெற்றோவில ஒருக்கா ஏறி இறங்கவே அதைவிடக் கூட வேணும்."

"அக்னெஸ், அது குறைஞ்சாத்தான் பெடியன் விளையாடலாம்."

"அப்ப என்னைச் சமைக்கத் தெரியாதவள் எண்டு எழுத வேணும். அதுதானே?"

"எழுத வேண்டாம். அப்பிடிச் சமையும், காணும்."

அக்னெஸ் ரெண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் ரதீசன் வேலை முடிந்து தொலைபேசி எடுத்தான். "அக்கா, விளையாடச் சப்பாத்து வாங்கிப்போட்டன்" என்று மட்டும் சொன்னான். அதோடு அக்னெஸின் மனம் கரைந்தது. வியாழக்கிழமை அந்த மனிசி முப்பது வருசத்தில் செய்யாத பாவத்தைச் செய்தா. நண்டைக் கழுவாமல் போட்டா. உப்புப் போடவில்லை, புளி சேர்க்கவில்லை, மஞ்சளை அள்ளிக் கொட்டினா. அடிப்பிடிக்கும் வரை பக்கத்தில் நின்று, அடிப்பிடித்ததும் கிளறி, அடியை மேலே கொண்டுவந்தா. யோசெப் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாக் கெட்டிருக்கு" என்று பாராட்டினார்.

உபகுழுவில் ஏழு பேர். வெள்ளை விரிப்பு, ஏழு தட்டு, ஏழு பேனை. ரதீசன் வேலையிடத்தில் ரெண்டு மணித்தியாலம் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்து மூலையில் நின்றான். அக்னெஸ் தன் கையாலேயே பரிமாறினா.

இங்கேதான் உபகுழு மாட்டுப்பட்டது. எங்கள் ஆக்களில் எவராவது, சமைத்த மனிசி முன்னால் நிற்கும்போது கறி சரியில்லை என்று சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களோ? நஞ்சைக் கொடுத்தாலும் "கொஞ்சம் காரம், ஆனால் நல்லாயிருக்கு" என்றுதான் செத்துப்போவார்கள்.

முதல் வாயில் தலைவர் பாலகிருஷ்ணனின் கண்ணில் தண்ணீர் வந்தது. "பிரமாதம்மா! எங்க ஊர்ல இப்படி யாருக்கும் வைக்க வராது" என்றார். அது உண்மையாகவும் இருந்தது. உணவு மதிப்பீட்டு அதிகாரி றெஜினா மூன்று தரம் விக்கி, தண்ணீர் குடித்து, "அக்கா, ஒரு வித்தியாசமான கைப்பக்குவம்" என்றா.

"பிள்ளையள், உண்மையைச் சொல்லுங்கோ" என்றா அக்னெஸ். "வாயில வைக்கேலாது. எனக்கே தெரியும்."

"ஐயோ அக்கா, அப்பிடிச் சொல்லாதேங்கோ!"

"உப்பில்லை. அடிப்பிடிச்சது. பாருங்கோ, கறுப்பு!"

"அந்தக் கருகல் வாசம்தான் அக்கா இதில விசேசம்" என்று சொல்லி, மரியாதைக்காக ஜெனாட் இன்னும் ஒரு அகப்பை கேட்டு வாங்கினார். வாங்கிக்கொண்டே அறிக்கையில் எழுதினார்: சமைத்தவர் அடக்கம் காரணமாகத் தன் கறியின் மதிப்பைக் குறைத்துக் கூறினார், அடக்கத்துக்காக ரெண்டு டொலர் கூட்டப்பட்டது.

முடிவு வாசிக்கப்பட்டது. சாப்பாடு ஒன்று இருபத்தெட்டு டொலர். பதினொரு சாப்பாடு முந்நூற்றெட்டு. ஒரு முழு அணிக்குரிய உச்சவரம்பையே ரதீசன் தனியாளாகத் தாண்டியிருந்தான். சம்மேளன வரலாற்றிலேயே அதிக விலைபோன ஆட்டக்காரர் என்று தலைவர் எழுந்து அவனுக்குக் கை கொடுத்தார். அதே மூச்சில் அவனை விளையாட அனுமதிக்க இயலாது என்றும் அறிவித்தார்.

ரதீசன் புதுச் சப்பாத்தைப் பெட்டியோடு கொண்டுவந்திருந்தான். அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தான்.

அக்னெஸ் அவனைப் பார்த்தா. பிறகு ஏழு வெறும் தட்டையும் பார்த்தா.

"தம்பி ஜெனாட், நீங்கள் ஏழு பேரும் இப்ப சாப்பிட்டியளே, இருபத்தெட்டு டொலர்ச் சாப்பாடு. அது ஆற்ர கணக்கு?"

"நாங்கள் உத்தியோகத்தர், அக்கா. விதி பதினொண்டு. உத்தியோகத்தர் சாப்பிடுறது கடமை. கடமைக்குப் பெறுமதி பூச்சியம்."

"உத்தியோகத்தர் பந்து விளையாடக் கூடாதெண்டு விதி இருக்கோ?"

ஜெனாட் நாற்பத்திரண்டு பக்கத்தையும் புரட்டினார். அப்படி ஒரு விதி இருக்கவில்லை. உத்தியோகத்தர் ஒருவர் ஓடுவார் என்று எழுதும்போது அவருக்குத் தோன்றவேயில்லை.

"அப்ப ரதீசனை உத்தியோகத்தராப் போடுங்கோ."

 பாலகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லாஜிக் கரெக்டா இருக்கே" என்றார், கவலையோடு. பத்து நிமிசத்தில் ரதீசன் மேலதிக உதவி இணைச் செயலாளராக ஏகமனதாகத் தெரிவானான். கழுத்தில் அட்டை விழுந்தது. சம்பளம் பூச்சியம், சாப்பாடு பூச்சியம், உயரம் ஆறடி மூன்றங்குலம். யோசெப் அன்றைக்கு ரொக்ஸ்பரோ வரை காரில் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்.

ஆனால் எங்கள் ஊரில் ஒரு நல்ல யோசனை ஒரு வீட்டில் தங்காது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் பார்க் எக்ஸ்டென்ஷன் அணி தன் ஐந்து பேரையும் உத்தியோகத்தர் ஆக்கியது. பின்னேரம் மற்ற நாலு அணியும். தான் பின்தங்கிப் போவேனோ என்ற பயத்தில் யோசெப்பும் தன் மிச்ச நாலு பேரையும் ஆக்கி, பாதுகாப்புக்காகத் தானும் ஆகிக்கொண்டார். ஆறு அணியின் சம்பளக் கணக்கும் பூச்சியத்துக்கு வந்தது. இவ்வளவு சுத்தமான கணக்கைத் தான் எந்தச் சங்கத்திலும் பார்த்ததில்லை என்று கணக்காய்வாளர் கண்கலங்கினார்.

சனிக்கிழமை ரெண்டு மணி. உடற்பயிற்சி மண்டபம் நாலு மணி வரை எங்களுடையது. அதற்குப் பிறகு பெண்களுக்கான நடன வகுப்பு. சனம் நூற்றைம்பது பேர் வந்திருந்தோம். ரதீசன் நடுவட்டத்தில் பந்தோடு நின்றான். பந்தை விரலால் தடவித் தடவிப் பார்த்த அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நடுவர் ஊதுகுழலை வாயில் வைத்த நேரம் ஜெனாட் ஓடிவந்து கையைத் தூக்கினார்.

"ஒரு நிமிசம்! விதி நாலு. உத்தியோகத்தரில பாதிக்கு மேல ஒரு இடத்தில கூடினா அது பொதுக்கூட்டம். இஞ்ச ஐம்பத்தைந்து பேர் நிக்கிறம். கூட்டம் தொடங்கீட்டுது."

முதலில் செபம். பிறகு வரவேற்புரை. பிறகு வரவேற்புரைக்கு நன்றியுரை. பொன்னாடை ஆறு. ஆட்டத்தைத் தொடங்கலாமா என்று ஒரு பிரேரணை வந்தது. 'தொடங்கலாம்' என்பதை 'ஆரம்பிக்கலாம்' என்று மாற்றும்படி பார்க் எக்ஸ்டென்ஷன் திருத்தம் கொண்டுவந்தது. மூன்றே முக்காலுக்கு அது வாக்கெடுப்புக்குப் போனபோது யோசெப்புக்குப் பொறுமை போய்விட்டது.

"ரதீசன், நீர் எறியும்! ஆர் என்ன செய்யிறது? எறியும்!"

ரதீசன் பந்தைத் தலைக்கு மேலே தூக்கினான். நாங்கள் நூற்றைம்பது பேரும் மூச்சை அடக்கினோம். அவன் கூடையைப் பார்த்தான், ஐம்பத்துநாலு சக உத்தியோகத்தரைப் பார்த்தான், குனிந்து தன் அட்டையை வாசித்தான். பிறகு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மற்றக் கையை உயர்த்தினான்.

"தலைவர் அவர்களே, ஒரு சின்னத் திருத்தம். 'மேலதிக உதவி' எண்டு என்ர பதவியில இருக்கு. அதில 'மேலதிக' அவசியமோ எண்டு சபை பரிசீலிக்க வேணும்."

பரிசீலித்தார்கள். நாலு மணிக்கு நடன வகுப்பு ஆசிரியை கதவைத் திறந்து "பொன்ஜூர்" என்று சிரித்தா. அவசரமாக முடிவு அறிவிக்கப்பட்டது: ஆறு அணிகளும் தலா பூச்சியம் புள்ளிகள். உச்சவரம்பு கொண்டுவந்த நோக்கம் நிறைவேறிவிட்டது, எல்லா அணியும் சமம் என்றார் பாலகிருஷ்ணன். நாங்கள் எழுந்து நின்று கை தட்டினோம். வாசலில் பார்வையாளருக்கும் உத்தியோகத்தர் விண்ணப்பம் கொடுத்தார்கள். நான் ரெண்டு எடுத்தேன், ஒன்று பிழைத்தால் மற்றதில் எழுதலாம்.

திரும்பும்போது யோசெப்பின் காரில் நானும் இருந்தேன்.

"விளையாடக் கிடைக்கேல்லை எண்டு கவலையோ, தம்பி?" என்று யோசெப் கேட்டார்.

"விளையாட்டோ?" என்றான் ரதீசன். "அண்ணை, 'மேலதிக'த்தை எடுத்துப்போட்டினம்!"

பின் ஆசனத்திலிருந்து அக்னெஸ் சீறினா. "எல்லாருக்கும் விசர்! அப்ப ஆர்தான் பந்தை விளையாடுறது?"

"அதை ஆராய ஒரு உபகுழு போட்டிருக்கு, அக்னெஸ். நீர்தான் தலைவி."

அக்னெஸ் முன் ஆசனத்துப் பக்கம் சாய்ந்தா. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டா:

"இஞ்சேருங்கோ, உபதலைவியா ஆரைப் போட்டவை? அந்த றெஜினாவை மட்டும் போட வேண்டாமெண்டு சொல்லுங்கோ."